லீ-என்ஃபீல்டு .303: கழித்துவிடப்பட்ட போர்த் துப்பாக்கியைச் சோதித்து வாங்குதல்

லீ-என்ஃபீல்டு என்பது 1895 முதல் 1957 வரை பிரித்தானியப் படைகளின் முதன்மைத் துப்பாக்கியாக இருந்த வகையாகும். நம் காவல் நிலையங்களில் பார்த்துப் பழகிய 'திரீ நாட் திரீ' இதுவே. லீ என்பது இதன் இயக்கத்தை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் பெயர். என்ஃபீல்டு, இலண்டனுக்கு வடக்கே அரசு ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஊர்.

1950களில் நேட்டோ நாடுகள் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாறியதும் பழைய துப்பாக்கிகள் பெருமளவில் வணிகர்களுக்கு விற்கப்பட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் வேட்டைக்காரர்கள் அவற்றை மலிவாக வாங்கினர். 1968 வரை அமெரிக்காவில் அஞ்சல் வழியாகவே வாங்கலாம். பெட்டியைப் பிரித்த பிறகுதான் பொருளின் தரம் தெரியும். (அதிபர் கென்னடியைக் கொன்ற இத்தாலியப் படைத் துப்பாக்கியும் அஞ்சலில் வந்ததே.) இந்தியாவில் .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. ஆகவே இங்கே சொல்லப்படும் சோதனைகள் அந்நாடுகளின் வாங்குவோருக்கு உரியவை.

கல்வெட்டைப் படிப்பது போலத்தான் இதையும் படிக்க வேண்டும். பழைய வகைகளில் கட்டையின் கழுத்தைப் பற்றியிருக்கும் இரும்பு வளையத்தின் வலப்பக்கம் கிரீடம், அரசரின் முதலெழுத்துகள், தொழிற்சாலை, ஆண்டு, வகை ஆகியவை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த எழுத்துகளிலேயே பல போலிகள் பிடிபடுகின்றன. பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் ஊரில் கைத்தொழிலாளர்கள் தலைமுறைகளாக லீ-என்ஃபீல்டைப் பார்த்து அப்படியே செய்து வருகின்றனர். ஆங்கிலம் அறியாத கைகள் பொறித்ததால் சிலவற்றில் 'என்' எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்கும். விக்டோரியா அரசி 1901 சனவரியில் மறைந்தார். 1907இல் வந்த மூன்றாம் வகைத் துப்பாக்கியில் அவருடைய 'வி.ஆர்.' எழுத்துகள் இருந்தால் அது அரசுத் தொழிற்சாலையில் பிறந்ததல்ல. வரலாற்றில் ஆண்டுகளை மனப்பாடம் செய்வதால் என்ன பயன் என்று கேட்ட மாணவர்களுக்கு இதைச் சொல்லலாம். இவ்வகைப் போலிகளின் இரும்பு எத்தகையது என்று யாருக்கும் தெரியாது. அவற்றைச் சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது.

அதைவிட ஆபத்தானது 'டி.பி.' முத்திரை. அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று படையே ஒதுக்கிய துப்பாக்கிகளில் இது பொறிக்கப்பட்டது. அந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தவற்றில் கூடுதல் கவனம் தேவை. 1962 சீனப் போருக்குப் பின் அங்கே இதே வடிவில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கான 2ஏ, 2ஏ1 வகைகள் செய்யப்பட்டன. அவற்றின் மேகசின் சதுரமாக இருக்கும். காவலர்களுக்காக வரிப்பள்ளம் இல்லாத .410 குழலும் பொருத்தினர். வெளியே பார்த்தால் .303 போலவே தெரியும்; குழல் வாயைப் பார்த்தால்தான் விளங்கும். முன்கட்டையில் கம்பி சுற்றியிருந்தால் அது எறிகுண்டு செலுத்தும் பணிக்கு ஆயத்தமானது. அதிக அதிர்ச்சியைத் தாங்கியிருக்கக்கூடும்.

அடுத்து எண்கள். உடலிலும் போல்ட்டின் கைப்பிடியிலும் ஒரே எண் இருக்க வேண்டும். போல்ட் மாறியிருந்தால் தோட்டாவின் விளிம்பு அமரும் இடத்துக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கலாம். படையின் அளவு 0.064 அங்குலத்துக்குக் குறையாமலும் 0.074க்கு மிகாமலும் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் அறிய முடியாது. அளவுக்கட்டை வைத்துத் துப்பாக்கித் தச்சரே பார்க்க வேண்டும். மிகுந்தால் தோட்டாவின் பித்தளை கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

கடைசியில் குழல். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். கருமை இருந்தால் அழுக்காகவும் இருக்கலாம். துடைத்த பின்னும் குழிகள் தெரிந்தால் அது துரு. பழைய தோட்டாக்களின் தீப்பொறிக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்ததும் குளோரைடு உப்பாகக் குழலில் தங்கி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் உப்பைக் கரைக்காது. அதனால்தான் பிரித்தானியப் படைவீரர்கள் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிநீரைக் குழலில் ஊற்றிக் கழுவினர்.