எட்டேகால் வண்டி

உத்தியோகத்துக்குப் போகிற மனிதன் தன் குழந்தைகளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், காபிக்கும் மூக்குப்பொடிக்கும் எந்த மட்டில் இடங்கொடுக்கலாம் என்பன போன்ற கேள்விகளை இக்காலத்தவர் தங்களுக்கே உரிய சங்கடங்களாகக் கருதி விசாரம் செய்வதைப் பார்க்கும்போது, சென்னைக்குத் தெற்கே சைதாப்பேட்டை முதல் தாம்பரம் வரையில் குடியேறிய நம் பாட்டனார் தலைமுறை இவை அனைத்தையும் முன்னமே சந்தித்துவிட்டது என்பதையும், தானாக ஒரு விடையும் தேடாமல் ரயில்வே கம்பெனி அச்சடித்துக் கொடுத்த கால அட்டவணையையே விடையாக ஏற்றுக்கொண்டது என்பதையும் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர்கேஜ் பாதைக்கு மின்சாரம் ஊட்டினார்கள். 1931 ஏப்ரல் 2ஆம் தேதி கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி அதைத் தொடங்கிவைத்தார். மே 11 முதல் ஜனங்கள் ஏறினார்கள். பம்பாயில் 1925லேயே மின்சார ரயில் வந்துவிட்டது என்றாலும், மீட்டர்கேஜில் இது புது சமாசாரம். அதற்கு முன் பாரிமுனையிலும் கோட்டையிலும் ஹைகோர்ட்டிலும் வேலை பார்த்த குமாஸ்தாக்கள் பெரும்பாலும் நடக்கும் தொலைவிலோ டிராம் ஓடும் தெருக்களிலோதான் வாசம் செய்தார்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரு வீட்டில் நான்கைந்து குடித்தனங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, கிணற்றடியிலும் கொல்லைப்புறத்திலும் முறை வைத்துக் காத்திருந்த அவர்களுக்கு, ஒரு மணி நேரத்துக்குள் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டி வந்ததும், பல்லாவரத்துக்குத் தெற்கே ஒரு கிரவுண்டு மனை வாங்கிச் சொந்தமாக ஒரு கிணறும் நாலு தென்னையும் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை பிறந்ததில் ஆச்சரியமில்லை.

தாம்பரத்துக் காற்று உடம்புக்கு நல்லது என்ற பேச்சும் அந்த ஆசைக்குத் துணை நின்றது. டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே க்ஷயரோகிகளுக்காக ஒரு சானடோரியம் நிறுவியிருந்தார். இன்றைக்கும் ஒரு ஸ்டேஷனுக்கு அதுதான் பெயர். அடுத்த ஸ்டேஷனான குரோம்பேட்டைக்கோ, தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனி பெயர் கொடுத்தது. ஒரு ஸ்டேஷன் நல்ல காற்றுக்கும் மறு ஸ்டேஷன் தோல் வாடைக்கும் பெயர் பெற்று அருகருகே நின்றதைப் பற்றி மனை விற்றவர்கள் என்ன சொல்லிச் சமாளித்திருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மணிக்கணக்கு விஷயத்தில் சென்னைக்குப் பூர்வ பாத்தியதை உண்டு. 1906இல் தேசத்துக்கெல்லாம் பொதுவான நேரம் அமலுக்கு வருவதற்கு முன், நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையம் கணித்த சென்னை நேரத்தை வைத்துத்தான் இந்திய ரயில்கள் ஓடின. ஆனால் அந்த நேரம் ஸ்டேஷன் சுவரோடு நின்றது. அடுக்களைக்குள் நுழைந்தது மின்சார வண்டியின் நேரந்தான்.

சென்னையில் ஆபீஸ் உத்தியோகஸ்தர்களிடையே ஒரு பழக்கம் வெகுகாலமாக இருந்தது: பத்து மணிக்கு ஆபீஸ் என்றால் ஒன்பது மணிக்குள் குழம்பு, ரசம், மோர் என்று முறையாக இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, பிற்பகலில் சிற்றுண்டியும் காபியுமாக முடித்துக்கொள்வது. தாம்பரத்துக்காரர் எட்டேகால் வண்டியைப் பிடித்தாக வேண்டும். ஸ்டேஷனுக்கு நடக்க இருபது நிமிஷம். ஆகையால் ஒன்பது மணிச் சாப்பாடு ஏழரை மணிக்கு நகர்ந்தது. அதற்கு உலை நாலரைக்கே ஏற வேண்டியதாயிற்று. குமுட்டி அடுப்பில் கரி பற்றிக்கொள்வதற்குள் முதல் டிகாக்ஷன் இறங்கியிருக்க வேண்டும். பருப்பு வேகிற நேரத்தில் காய் நறுக்கி முடித்திருக்க வேண்டும். ஈயச்சொம்பில் ரசம் நுரைத்துப் பொங்கும் தருணத்தில் சின்னக் குழந்தை கண்விழித்து அழாமல் இருக்க வேண்டும். சம்புடத்தில் போகிற தயிர்சாதத்துக்குத் தனி சாமர்த்தியம் உண்டு: சாதத்தைக் குழையப் பிசைந்து, பாலைத் தாராளமாக விட்டு, உறைமோரைத் தொட்டுக் காட்டியதுபோல் ஒரு கரண்டி மட்டும் சேர்த்தால், பகல் ஒரு மணிக்குப் பாரிமுனையில் திறக்கும்போது புளிக்காமல் அப்போதுதான் தோய்ந்ததுபோல் இருக்கும். ஆபீசில் எந்த பைலும் இவ்வளவு துல்லியமாகக் கணக்கிடப்பட்டு நகர்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வண்டிக்குள் வேறோர் உலகம். சீசன் டிக்கெட்டுக்காரர்கள் தினமும் ஒரே பெட்டியில் ஒரே மூலையில் உட்காருவார்கள். எதிரெதிரே நால்வர் முழங்கால்களைச் சேர்த்து மேலே துண்டை விரித்தால் சீட்டுக்கச்சேரி ஆரம்பமாகிவிடும். ஒரே பத்திரிகை தாள் தாளாகப் பிரிந்து பெட்டி முழுவதும் சுற்றி வரும். வீட்டில் பிள்ளைகளின் எதிரே பொடி போடக் கூசுகிறவர் பரங்கிமலை தாண்டியதும் மட்டையை எடுப்பார். வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடையே எந்த எஜமானனுக்கும் கட்டுப்படாத அந்த ஒரு மணி நேரம் நம் மத்தியதர வர்க்கத்து ஆண்களுக்கு ஓய்வும் சகவாசமும் அளித்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்திரீகளுக்கு அப்படியொரு நேரம் எந்த அட்டவணையிலும் அச்சாகவில்லை.

குழந்தைகளின் விஷயத்துக்கு வருவோம். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த தகப்பனார் தம் பிள்ளைகளைத் தாமே வளர்க்கவில்லை. சித்தப்பாவும் அத்தையும் தாத்தாவும் பங்கிட்டுக்கொண்டார்கள். சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ தனிக்குடித்தனம் வைத்த பிறகு, காலையில் இருட்டோடு புறப்பாட்டு முஸ்தீபுகளில் இருப்பவராகவும், இரவு ஏழரைக்குக் களைத்துத் திரும்புகிறவராகவும் அவர் ஆகிவிட்டபடியால், வாரத்தில் ஆறு நாள் அவர் ஓர் எச்சரிக்கையாக மட்டுமே வீட்டில் நிலவினார். "அப்பா வரட்டும், சொல்றேன்" என்ற வாக்கியத்துக்கு இருந்த மகிமை அப்பாவுக்கே இருந்ததா என்பது சந்தேகம். மார்க்குச் சீட்டில் கையெழுத்து, நகம் வெட்டுதல், விளக்கெண்ணெய் கொடுத்தல் முதலிய பிதிர்க் கடமைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒரே நாளில் திணிக்கப்பட்டன. எங்கள் காலத்தில் வீட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது என்று பெருமை பேசும் பெரியவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அந்த ஒழுங்கில் ஒரு பாதி ரயில்வே கம்பெனிக்கும், மற்றொரு பாதி நாலரை மணிக்கு உலை ஏற்றியவளுக்கும் சேர வேண்டியது என்றே என் அபிப்பிராயம்.

1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, காலையில் குமாஸ்தாக்கள் வடக்கே போக மாணவர்கள் தெற்கே வந்தார்கள். அந்நாளில் எதிர்த் திசையில் ஓடிய கூட்டம் இது.

பெரிய மாறுதல் பெண்கள் உத்தியோகத்துக்காக வண்டி ஏறியபோது வந்தது. ஆசிரியைகள், தந்தி தபால் ஆபீஸ்காரிகள், டைப்பிஸ்டுகள் என்று சிறுகச் சிறுகத் தொடங்கியது. 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதித் தொழில் வளாகம் ஏற்பட்டதும் தொழிற்சாலை வேலைக்குப் பெண்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். லேடீஸ் பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டும், பூ கட்டிக்கொண்டும், அவரைக்காய் நார் உரித்துக்கொண்டும் அவர்கள் பிரயாணம் செய்ததைப் பார்த்தவர்கள், ஆண்களின் பெட்டியில் சீட்டுக்கச்சேரி நடந்த அதே ஒரு மணி நேரத்தில் இங்கே மறுநாள் சமையல் நடந்ததை அறிவார்கள். அப்போதுதான் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை அட்டவணையின் தலையில் கட்ட முடியாமற் போயிற்று.

விடை தெற்கேயிருந்து வந்தது. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் எழும்பூருக்கு வரும் வண்டிகள் தாம்பரத்தில் நிற்கும். அந்த நிறுத்தங்களில் முறுக்குத் தூக்கும் வடகப் பையுமாகப் பாட்டிமார்கள் இறங்கினார்கள். பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று வந்தவர்கள், பேரன் பள்ளிக்கூடம் போகும்வரை என்று தங்கி, பிறகு ஊர் வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு நிரந்தரமாகவே குடியேறினார்கள். கூட்டுக் குடும்பத்தைக் கலைத்த தண்டவாளமே அதில் ஓர் அங்கத்தைத் திருப்பிக் கொணர்ந்ததை நம் சமூக சரித்திரம் எழுதுகிறவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

2004 ஜூலையில் மீட்டர்கேஜ் மின்சார வண்டி கடைசியாக ஓடி நின்றது. அகலப்பாதை வண்டிகள் வந்தன. அதை ஒட்டிய ஆண்டுகளில் சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகி, பகல் ஷிப்டு இராத்திரி ஷிப்டு என்று வேலை நேரம் பலவாகப் பிரிந்து, எந்த ஒரு வண்டியின் நேரமும் முழு வீட்டையும் ஆள முடியாத நிலை வந்துவிட்டது. ராஜகீழ்ப்பாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ இன்றைக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், மகன் இராத்திரி வேலை முடிந்து காலை ஆறு மணிக்குத் திரும்புகிறான், மருமகளின் கம்பெனி பஸ் ஏழே முக்காலுக்கு, பேத்தியின் வேன் எட்டுக்கு. சமையல் ஒரு தடவைதான் ஆகிறது. அதை எந்த மணிக்கு ஆக்குவது என்பதைப் பாட்டி தீர்மானிக்கிறாள்.