கோழி முட்டையும் கொலஸ்ட்ரால் மாத்திரையும்

பெரியம்மா மகள் அக்கா மதுரையிலிருந்து போன் செய்திருந்தார். கருப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம். சர்க்கரை, கொலஸ்ட்ரால் இரண்டும் உண்டு. "தம்பி, நான் திங்கிற கொலஸ்ட்ரால் மாத்திரை கேன்சருக்கும் நல்லதாமே?" என்று கேட்டார். பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். சரித்திரம் சுவாரசியமாக இருந்தது.

ஜப்பானில் சாங்க்யோ கம்பெனியில் அகிரா எண்டோ என்றொரு விஞ்ஞானி. 1971-ல் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் பூஞ்சைகளில் கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தார். ஆறாயிரத்துக்கும் மேல் பூஞ்சைகளை அலசி, 1973-ல் ஒரு பெனிசிலியம் வகையில் பிடித்தார். பெயர் காம்பாக்டின். எலிக்குக் கொடுத்தால் கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. இங்கேதான் மனுஷன் யோசித்தார். முட்டை மஞ்சள் கருவில் கொலஸ்ட்ரால் நிறைய. அப்படியானால் முட்டையிடும் கோழி உடம்பில் அது ஓயாமல் தயாராக வேண்டுமே? கோழிக்குக் கொடுத்தார்கள், நன்றாக இறங்கியது.

1980-ல் அடுத்த இடி. மிக அதிக அளவு கொடுத்த நாய்களுக்குப் புற்றுநோய் வந்ததோ என்ற சந்தேகத்தில் சாங்க்யோ காம்பாக்டினைக் கைவிட்டது. அமெரிக்காவின் மெர்க் கம்பெனியும் பயந்துபோய் தன் லோவாஸ்டாடின் சோதனைகளை நிறுத்தியது. பிறகு மறுபடி தொடங்கி, 1987-ல் அனுமதி வாங்கியது. 1994-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த சிம்வாஸ்டாடின் ஆய்வில் மரணம் சுமார் 30 சதவீதம் குறைந்தது.

கேன்சர் வருமோ என்று நிறுத்திய மருந்துக் குடும்பம், கேன்சருக்கு உதவுமா என்று இப்போது பார்க்கிறார்கள்! 2012-ல் வந்த டென்மார்க் ஆய்வில், நோய் கண்டுபிடிக்கும் முன்பே ஸ்டாடின் சாப்பிட்டுவந்த புற்றுநோயாளிகளின் மரண விகிதம் 15 சதவீதம் குறைவு. இது எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்த கணக்கு. கருப்பைப் புற்றுநோயை மட்டும் பார்த்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் இல்லை.

இனி நம்ம ஏரியா. எங்கள் பேங்கில் பிக்சட் டெபாசிட்டை 10 வருடம் விடாமல் புதுப்பித்தவர்களுக்கு ஆயுள் அதிகம் என்று நான் ஒரு கணக்குக் காட்டலாம். 10 வருடம் உயிரோடு இருந்ததால்தானே புதுப்பித்தார்கள்! நோய் வந்தபின் மாத்திரை தொடங்கியவர்களை எண்ணும் ஆய்வுகளில் இதே கோளாறு நுழையும். டென்மார்க் கணக்கு அதில் தப்பித்தாலும் இன்னொன்று இருக்கிறது: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பார்.

இன்னொரு சங்கதி அக்காவுக்கு நேராகப் பொருந்துவது. இந்த நோய் வருகிற பெண்களில் பலருக்கு உடல் பருமனும் சர்க்கரையும் இருக்கும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து ஆபரேஷன் ஆனவர்களில் நிறையப் பேரை பிற்காலத்தில் கொண்டுபோவது புற்றுநோய் அல்ல, மாரடைப்புதான். ஆகவே, "இதயத்துக்குத் தந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க, கேன்சருக்கென்று டோஸை ஏத்தவும் வேண்டாம்" என்றேன். "அதுக்கு நாலு நாளா?" என்றார் :-)

எண்டோவுக்கு 2008-ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். நோபல் கிடைக்கவில்லை. 2024 ஜூனில், 90 வயதில் காலமானார்.