கிதாரும் மைக் செட்டும்: திண்டுக்கல் பக்கம் நடந்த ஒரு பொருத்தம்

கிதார் கச்சேரி என்றதும் கிதார் பிடிப்பவரின் விரலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால் இருக்கும் பெட்டிகளை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் மின்கிதாரின் ஓசையில் பாதி அந்தப் பெட்டிகளில்தான் பிறக்கிறது. அதுவும் ஒரு பெட்டியில் அல்ல, இரண்டில்! கம்பி அதிரும்போது பிக்கப்பில் கிளம்பும் மின்சாரம் மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவுதான். அதை ஒரு வோல்ட் அளவுக்கு உயர்த்தி, பாஸ், டிரெபிள் திருகி, குணம் கொடுப்பது பிரீ ஆம்ப். அதற்குப் பிறகு ஸ்பீக்கரை அசைக்கும் பலத்தைத் தருவது பவர் ஆம்ப்.

அமெரிக்காவில் 1946ல் தொடங்கிய ஃபெண்டர் கம்பெனி இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்றது. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962ல் ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்துத் தன் முதல் ஆம்பைச் செய்தார். இரண்டையும் பிரித்து, பிரீ ஆம்பைத் தனிப் பெட்டியாக்கி, விருப்பப்பட்ட பவர் ஆம்போடு சேர்க்கும் பழக்கம் அங்கே பெரிதாகப் பரவியது 1980களில்தான். 1987ல் ஏடிஏ எம்பி-1, 1992ல் மார்ஷல் ஜேஎம்பி-1 என்று வரிசையாக வந்தன. ‘எந்த பிரீ ஆம்புக்கு எந்த பவர் ஆம்ப் சேரும்?’ என்று கிதார்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், திண்டுக்கல் சமவெளியில் இந்தப் பிரிவினை ஃபேஷனாக வரவில்லை, கட்டாயமாக வந்தது. காரணம், பணம். 1991க்கு முன் வெளிநாட்டு ஆம்ப் இறக்குமதி செய்ய லைசென்ஸ், சுங்கவரி என்று ஏகப்பட்ட தடைகள். கல்கத்தாவில் செய்த கிதாரை ஒருவர் எப்படியாவது வாங்கிவிடலாம். ஆம்புக்கு எங்கே போவது? ஊரில் இருந்த ஒரே ஆம்ப் மைக் செட் கடைக்காரருடையது. பெரும்பாலும் அது 1940 முதல் டெல்லியில் இயங்கிவரும் அகுஜா கம்பெனியின் பெட்டியாக இருக்கும். ஆக, கருவி கலைஞனுடையது, ஆம்ப் வாடகைக்காரருடையது. இந்தக் கணக்கு ஊரின் இசையையே மாற்றியது.

மைக் செட் இசைக்காகப் பிறந்ததல்ல, பேச்சுக்காகப் பிறந்தது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கினார். 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றார். கட்சியின் முதல் வெற்றி அது. அதுபோன்ற தேர்தல்களில் கார் கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்தான் ஆயுதம். காட்டு வழியில் கரண்ட் இல்லாத ஊரிலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். மனிதக் குரல் வயலைத் தாண்டிப் போய்ச் சேரும். அதற்காகவே குழாய் செய்யப்பட்டது.

அந்தக் குழாயில் கிதாரைப் போட்டால் என்ன ஆகும்? கிதாரின் தடித்த கம்பி விநாடிக்கு சுமார் 82 முறை அதிரும். குழாய்க்கு அது பெரும்பாலும் கேட்காத ஓசை. பாஸ் கிதாரின் கடைசிக் கம்பி இன்னும் கீழே, சுமார் 41. அதை பலமாகத் தள்ளினால் குழாயின் யூனிட்டுக்குள் இருக்கும் மெல்லிய டயாபிரம் கிழிந்துவிடும். யூனிட் கிழிந்தால் செலவு மைக் செட்காரர் தலையில். அதனால் அவர் பாஸ் திருகியைக் குறைத்தே வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, முதல் போட்டவர் அவர்தானே! ஆனால் கச்சேரிக்கு வந்தவர்கள் கேட்டது கிதாரின் உச்சி ஓசையை மட்டும்தான்.

அடுத்த சிக்கல், எந்தத் துளையில் செருகுவது என்பது. மைக் துளை சில மில்லிவோல்ட்டுக்கென்று செய்தது. அதன் உள்தடையும் குறைவு. கிதார் பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவு தடை எதிரில் இருந்தால்தான் டிரெபிள் பிழைக்கும். நேராக மைக் துளையில் செருகினால் ஓசை மழுங்கிப்போகும், சில சமயம் கரகரக்கும். ஆக்ஸ் துளையில் செருகினாலோ, சத்தமே போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை நிரப்பத்தான் தனி பிரீ ஆம்ப். கிதார்காரர் தோள்பையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவருவார். அதிலிருந்து வயர் ஆக்ஸ் துளைக்குப் போகும். இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு வேறு ஊர், வேறு மைக் செட். ஆனால் குணம் பையிலேயே இருக்கிறது.

அது தெரியாமல் பிரீ ஆம்ப் வயரை மைக் துளையில் செருகி, ‘உன் பெட்டி சரியில்லை’ என்று மைக் செட்காரரும், ‘உங்கள் ஆம்ப் சரியில்லை’ என்று கிதார்காரரும் மேடையிலேயே முறைத்துக்கொள்வதும் உண்டு. இரண்டு பெட்டியும் சரிதான், சேர்த்த விதம்தான் தப்பு.

பின்பக்கப் பொருத்தமும் சாதாரணமல்ல. 16 ஓம் குழாய் இரண்டை இணையாகப் போட்டால் ஆம்ப் பார்க்கும் சுமை 8 ஓம். நான்கு போட்டால் 4 ஓம். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு சுமை அளவுக்கு மீறிக் குறைந்தால் சூடேறிப் போய்விடும். பழைய வால்வு ஆம்போ நேர் எதிர். ஸ்பீக்கரே மாட்டாமல் முழு சத்தத்தில் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

கிதார் இந்தப் பக்கம் வேரூன்றியதில் மாதா கோயில்களுக்கும் பங்கு உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962-65) பிறகு பூசை தமிழில் வந்தது, பாடற்குழுவுக்குள் கிதாரும் வந்தது. கிறிஸ்தவர்கள் நிறைந்த திண்டுக்கல்லில் அது சின்ன விஷயமல்ல. கோயிலுக்குள் எதிரொலி அதிகம், ஸ்பீக்கர் சுவரில் இருக்கும். திருவிழா மேடையில் திறந்த வெளி. ஒரே பிரீ ஆம்ப், ஒரே திருகல், இரண்டு இடத்திலும் இரண்டு ஓசை.

குழாயின் ஆட்சியைக் குறைத்ததில் நீதிமன்றங்களுக்கும் இடமுண்டு. சென்னையில் ஒரு ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கி, டிரம்ஸ் பற்றிய வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்தன. 2005 ஜூலையில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை அதே நீதிமன்றம் உறுதி செய்தது. கூம்புக் குழாய்களுக்குத் தமிழ்நாட்டில் தடையும் வந்தது. பாக்ஸ் ஸ்பீக்கர் மேடைக்கு வந்தபோது பாஸ் கிதாரும் ஒருவழியாகக் காதில் விழுந்தது! சட்டம் சத்தத்தைக் குறைக்க வந்தது, கிதாரின் தடித்த கம்பிக்கோ அந்தக் காலத்தில்தான் விடுதலை கிடைத்தது.

ஆனால் புதுச் சிக்கலும் உடன் வந்தது. குழாய் மறைத்து வைத்திருந்த குறைகளை பாக்ஸ் அப்படியே காட்டிக்கொடுத்தது. டிஸ்டார்ஷன் போட்ட கிதாரை நேராக மிக்சருக்குள் விட்டால் தேனீக் கூட்டம் போல ரீங்காரம். கிதார் ஆம்பின் ஸ்பீக்கர் மேல் ஓசைகளைத் தானாகவே வெட்டிவிடும், பாக்ஸில் இருக்கும் ட்வீட்டர் வெட்டாது. இதற்கு மருந்தாக, ஸ்பீக்கரின் குணத்தையும் பிரீ ஆம்புக்குள்ளேயே சேர்த்த பெட்டிகள் வந்தன. டெக் 21 கம்பெனியின் சான்ஸ்ஆம்ப் 1989லும், லைன் 6ன் பாட் 1998லும் வெளிவந்தன. உலகச் சந்தையில் வீட்டில் ரெக்கார்டிங் செய்பவர்கள் கொண்டாடிய சாமான்கள் இவை. சொந்த ஆம்ப் இல்லாமல் வாடகை மைக் செட்டை நம்பி மேடையேறும் கிதார்காரருக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் வேறில்லை.

இப்போதும் மேடை ஏறியதும் சவுண்ட் சர்வீஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்: “தம்பி, பெட்டி வயரை மைக்குல போடவா, லைன்ல போடவா?”