காலராவும் ஒரு நீலத் திட்டும்

2022 ஜூலையில எங்க காரைக்கால் பேரு டிவி பூரா அடிபட்டுச்சே, ஞாபகம் இருக்கா? காலரா! புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலை அறிவிச்சு, பள்ளிக்கூடத்துக்கு மூணு நாள் லீவு விட்டாங்க.

காலராவில் ஆளைச் சாய்ப்பது கிருமி மட்டுமல்ல மக்களே, அது கக்குற நஞ்சு. 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். நஞ்சு இருக்கலாம்னும் ஊகித்தார். நிரூபிக்க 75 வருஷம் ஆச்சு. நிரூபித்தவர் அதே கல்கத்தாவின் மருத்துவர் சம்புநாத் டே. கிருமி வளர்ந்த திரவத்தை, ஒரு கிருமிகூட இல்லாமல் வடிகட்டினார். முயல் குடலில் ஒரு பகுதியை ரெண்டு பக்கமும் கட்டி, அதுக்குள்ளே செலுத்தினார். குடல் தண்ணீர் கோத்து உப்பிப்போச்சு! 1959-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

இனிமேதான் கதை திரும்புது. 1965-ல் ஜான் கிரெய்க் என்ற அமெரிக்கர் இதே மாதிரி வடிநீரை விலங்குகளின் தோலில் ஊசியாகப் போட்டு, ரத்தத்தில் நீலச் சாயத்தை ஏற்றினார். ஊசி போட்ட இடம் மட்டும் நீலத் திட்டானது. அதாவது, அங்கே ரத்த நுண்குழாய்கள் கசியுது.

சரி, கசிவுக்கும் புதுக் குழாய் முளைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? 1983-ல் ஹார்வர்டில் செங்கர், டிவோராக் குழுவினர் புற்றுக்கட்டி சுரக்கும் ஒரு புரதத்தை இதே வகைச் சாயச் சோதனையால் பிடித்தார்கள். அங்கேயும் நீலத் திட்டு! புது ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதமும் இதுவும் ஒண்ணுதான்னு 1989-ல் தெரிஞ்சுது. அதைத் தடுத்து, கட்டிக்கு ரத்தம் போகிற வழியை அடைக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு 2004-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

காலரா நஞ்சு புற்றுநோயைத் தரும்னோ தீர்க்கும்னோ நான் சொல்ல வரலை. குழாயைக் கசிய வைக்கிற பொருள் எது என்ற ஒரே கேள்வி, ஒரு பக்கம் பேதியையும் இன்னொரு பக்கம் புற்றுக்கட்டியையும் புரிய வைத்தது. அவ்வளவுதான்.

டேயை 1978-ல் ஸ்வீடனில் நடந்த நோபெல் கருத்தரங்குக்குக் கூப்பிட்டார்கள். 1985-ல் இறக்கும்வரை நம்ம நாட்டில் அவருக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடைக்கலை. எங்க ஊர்ல அத்தனை பேரு காலராவைப் பற்றிப் பேசினப்பகூட அவர் பேரை யாரும் சொல்லி நான் கேட்கலை.

அவர் கட்டுரை வந்து 63 வருஷம் கழிச்சு காரைக்காலில் காலரா. ரத்தக் குழாய் ரகசியம் வரைக்கும் போயாச்சு. தண்ணிக் குழாயில சாக்கடை கலக்காம பாத்துக்கத்தான் இன்னும் வரலை. என்னத்தைச் சொல்ல!