நாட்பட்ட வலியும் ஆளுமையும்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாட்பட்ட வலி எனப்படும். குறிப்பிட்ட ஆளுமை உடையவர்களுக்கு இவ்வலி வருகிறதா, அல்லது வலியே ஆளுமையை மாற்றுகிறதா என்பது இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் நெடுங்காலம் விவாதித்த வினாவாகும்.

1959 இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல், வலிக்கு எளிதில் ஆட்படும் இயல்புடைய நோயாளர் உள்ளனர் என எழுதினார். குற்றவுணர்வு அவர்களிடம் மிகுந்திருப்பதாக அவர் கருதினார். வலிக்குக் காரணம் கண்டறியப்படாதவர்கள் மீது மனக்கோளாறு என்ற முத்திரை விழ இக்கருத்து இடமளித்தது.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாதவேயும் மெக்கின்லியும் உருவாக்கிய ஆளுமைச் சோதனையும் இதற்குத் துணைபோனது. முதுகுவலி உடையோர் பலர், உடல்நலம் பற்றிய மிகைக் கவலையைக் காட்டும் அளவுகோலில் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். ஆனால் அந்த அளவுகோலின் கூற்றுகளே உடல் உபாதைகளைப் பற்றியவை. வலியுள்ளவர் உண்மையைச் சொன்னாலே மதிப்பெண் ஏறிவிடும். இந்த எளிய குறை நெடுநாள் கவனிக்கப்படாதது வியப்புக்குரியது.

1975 இல் ஸ்டெர்ன்பாக்கும் டிம்மர்மன்சும், சிகிச்சையால் வலி குறைந்தவர்களிடம் இத்தகைய மதிப்பெண்களும் குறைந்ததைக் காட்டினர். 1997 இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு இன்னும் தெளிவானது. விபத்தில் கழுத்து அதிர்ந்து நீங்காத வலிக்கு ஆளான 17 பேர் அதில் பங்கேற்றனர். வலியைக் கடத்தும் நரம்பைச் சுட்டுச் செயலிழக்கச் செய்தபின், வலி முற்றிலும் நீங்கியவர்களின் மனத்துயரும் நீங்கியது. வலி நீங்காதவர்களில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரிடமும் அது நீடித்தது.