பாங்கன் செய்ய வேண்டிய வேலை

சேந்தமங்கலம் பக்கம் பஸ்ஸில் போகும்போது கொல்லிமலை தெரிந்தால் எனக்குக் கபிலர் ஞாபகம்தான் வரும். குறுந்தொகை 100-ம் பாட்டில், ஓரியின் கொல்லியிலே இருக்கும் பாவை மாதிரி அவள் என்று ஒரு பையன் சொல்கிறான். யாரிடம்? தன் கூட்டாளியிடம். பாங்கனுக்குச் சொன்னதாகவே துறை வகுத்திருக்கிறார்கள்.

காதல் இரண்டு பேர் சமாச்சாரம் என்று நினைக்கிறோம். அகப்பாட்டில் கூட்டாளி இல்லாமல் ஒன்றும் நகராது. எல்லாம் இளவட்டம்தானே. சிலப்பதிகாரத்தில் கல்யாணத்தின்போது கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16.

பாங்கன் முதலில் திட்டுவான். கழறல் என்று அதற்குப் பெயர். தோழி இன்னும் கெட்டிக்காரி. ராத்திரியில் வராதே, வழி பொல்லாதது என்பாள். பெண் கேட்டு வா என்று நெருக்குவாள். விஷயம் முற்றினால் செவிலித்தாயிடம் தானே போய்ச் சொல்வாள். இதுதான் அறத்தொடு நிற்றல். குறிஞ்சிப்பாட்டின் 261 அடியும் அந்த ஒரு பேச்சுதான். பள்ளிக்கூடத்தில் அதிலிருக்கும் 99 பூவை மனப்பாடம் செய்தோம். ஒரு பெண் சிநேகிதிக்காகப் பெரியவளிடம் வாய் திறக்கிறாள் என்பது மண்டையில் ஏறவில்லை.

1971. எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு. பெண்களுக்குத் தனி பெஞ்சு, பேசினால் கேலி. எங்கள் கூட்டாளி ஒருத்தன் அந்தப் பக்கம் பார்க்கிறான் என்று கண்டுபிடித்ததே நாங்கள்தான். அவனுக்கே அதுவரை தெரியுமோ என்னவோ! அவள் பெயரைச் சொல்லிச் சொல்லியே ஏற்றிவிட்டோம். கடுதாசி எழுதியவன் அவன். வாசகம் பாதி என்னுடையது. அவள் தம்பி கையில் கொடுத்தவனும் நான்தான். பொடியன் நேரே அப்பாவிடம் நீட்டிவிட்டான்.

மறுநாள் முதல் அவள் வரவில்லை. ஆவணியில் கல்யாணம் என்று கேள்விப்பட்டோம். அந்தக் கடுதாசியை அவள் படித்துக்கூட இருக்க மாட்டாள். கூட்டாளிக்கு வீட்டில் நாலு அடி, அத்தோடு சரி. பரீட்சை எழுதினான், பாஸானான்.

அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல எங்களில் ஒருத்தனும் போகவில்லை. சிநேகிதிகளும் பேசவில்லை, பேசியிருந்தால் அவர்கள் படிப்பும் நின்றிருக்கும். எனக்கு அந்தப் பயம்கூட இல்லை. அவள் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

கூட்டாளியைக் கல்யாணம் காட்சியில் இப்போதும் பார்ப்பேன். பேரன் பேத்தி கதையெல்லாம் பேசுவோம். இதை மட்டும் இரண்டு பேரும் எடுப்பதில்லை.