விதையும் ஒரு சேமிப்புதான்

சேமிப்பு என்றதும் நமக்கு சந்தாப் பணமும் பாஸ்புக்கும்தான் ஞாபகம் வரும். அதைவிடப் பழைய சேமிப்பு விதைச் சேமிப்பு. மக்காச்சோளத்தின் வரலாறு முழுக்க அந்தச் சேமிப்பின் கதைதான். அதனால்தான் அதை நம் மலரில் எழுதுகிறேன்.

மக்காச்சோளத்தின் தாய் ஊர் மெக்சிகோ. அங்கே பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தியோசிந்தே என்று ஒரு காட்டுப் புல் உண்டு. அதன் கதிரில் கல் மாதிரி ஓடு மூடிய மணி பத்துப் பன்னிரண்டு இருந்தால் அதிகம். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்னே அங்கே வாழ்ந்த மக்கள், நல்ல கதிராகப் பொறுக்கி எடுத்து வைத்து மறுபடி விதைத்தார்கள். அதிலும் நல்லதைப் பொறுக்கினார்கள். இப்படித் தலைமுறை தலைமுறையாகச் செய்ததில் புல் பயிராகிவிட்டது. இன்றைக்கு மக்காச்சோளம் தானாகப் பரவாது. மணி உதிராமல் மட்டைக்குள்ளேயே கிடக்கும். ஒரு கை உரித்து, உதிர்த்து, விதைத்தால்தான் அதற்கு அடுத்த தலைமுறை.

அந்த நாட்டில் மக்காச்சோளத்தோடு பீன்ஸும் பூசணியும் சேர்த்துப் போடுவது வழக்கம். தட்டையைப் பிடித்து பீன்ஸ் கொடி ஏறும், அதன் வேர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். நம்ம ஊர் ஊடுபயிர் மாதிரியேதான். 1492-ல் கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பயிர் கடல் தாண்டி, நம் நாட்டுக்கும் வந்தது.

இந்தியாவில் 1957-ல் மக்காச்சோள ஆராய்ச்சிக்கென்று அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம் தொடங்கியது. 1961-ல் முதல் வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. மகசூல் கூடியது உண்மை. இன்று பெரம்பலூர், திண்டுக்கல் பக்கம் காடு காடாக நிற்கிறது. பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. ஆனால் ஒட்டு ரகத்தில் விளைந்த மணியைத் திரும்ப விதைத்தால் செடி ஒரே சீராக வராது, மகசூலும் குறையும். அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் விதைப் பை வாங்கணும், அதற்கும் கடன். விதைப் பானை பெண்கள் கையை விட்டுக் கடைக்குப் போனது இப்படித்தான்.

ஒட்டு விதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவணை கட்ட வருமானம் வேண்டுமே! காட்டில் அது இருக்கட்டும். கொல்லையில் ஒரு சென்ட் மட்டும் நாட்டு ரகத்துக்கு விடுங்கள். 200 செடி தாராளமாக நிற்கும். ஒரே வரிசையாகப் போடாமல் சதுரமாகப் போடுங்கள். உச்சிப் பூவின் மகரந்தம் காற்றில்தான் வரும். கதிரின் ஒவ்வொரு பட்டு முடிக்கும் அது கிடைத்தால்தான் மணி பிடிக்கும், இல்லாவிட்டால் கதிர் பொக்கையாகும். பக்கத்துக் காட்டில் ஒட்டு ரகம் இருந்தால் மூன்று நாலு வாரம் முன்பின்னாக விதையுங்கள். இரண்டும் ஒரே சமயம் பூத்தால் விதை கலந்துவிடும்.

வேகவைத்துத் தின்ன இளங்கதிரைப் பறிக்கலாம். விதைக்கு, மட்டை செடியிலேயே காயணும். மணியைக் கிள்ளிப் பார்த்தால் அடியில் கறுப்பாகத் தெரியும், அதுதான் முற்றியதற்கு அடையாளம். ஒன்றிரண்டு கதிரோடு நிறுத்தாமல், பல செடிகளிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் வருஷா வருஷம் வீரியம் குறையும். மட்டையைப் பின்னிக் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, நன்றாகக் காய்ந்ததும் கதிரின் நடு மணிகளை மட்டும் விதைக்கு உதிர்த்து வையுங்கள்.

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பிறரோடு மாற்றிக்கொள்ளவும் உழவருக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை நமக்கும் உண்டு.

குழுவுக்கு ஒரு விதைப் பானை வைப்போம். ஒரு படி வாங்கியவர் அறுவடையில் இரண்டு படி திருப்பட்டும். உள்கடன் பதிவேடு எழுதத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிசு இல்லை.